முதியோரும் மின்திரை விளையாட்டும்

விளையாட்டு இளமைக்கே உரியது என்பது நம்மிற் பலரது எண்ணம். ஆயினும், இந்நாளில் முதியோர்க்கென்றே விளையாட்டுக்கள் இயற்றப்பட்டுக் கணினியிலும் கைப்பேசியிலும் உலவுகின்றன. அவற்றை விற்போருட் சிலர், மறதிக்கு மருந்து அவையே எனப் பறைசாற்றவுந் துணிந்தனர். அவை மருந்தாமோ, விளையாட்டு மாத்திரமேயோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மறதியெல்லாம் ஒரு தன்மையது அன்று. வயதிற்கு இயல்பாய் வரும் மறதி ஒன்று; தன்னைத் தானே பேணவும் இயலாதவாறு அறிவைச் சிதைக்கும் பெருமறதி நோய் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையை மருத்துவ நூலார் 'இலேசான அறிவாற்றல் குறைபாடு' என்பர். அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்துப் பீட்டர்சன் என்பாரும் அவர்தம் துணைவரும் 1999-ஆம் ஆண்டில் இதன் இலக்கணத்தை வரையறுத்துக் கூறினர். இந்நிலையினர்க்கு நினைவு, வயதின் அளவைக் கடந்து தளரும். எனினும் அன்றாடக் கருமங்களைத் தாமே ஆற்றுவர். இவருட் சிலர் பின்னர்ப் பெருமறதிக்கு ஆளாவர். சிலர் அந்நிலையிலேயே நிற்பர். சிலர் மீள்வதும் உண்டு. நம்பிக்கைக்கு இடமிருத்தலின் இங்கே முயற்சிக்கும் இடமுண்டு. அச்சத்திற்கு இடமிருத்தலின் மிகைபட உரைப்போர்க்கும் இடமுண்டு.

இதற்குச் சான்று வேண்டின், லுமாசிட்டி என்னும் விளையாட்டுத் தொகுதியின் வரலாற்றை நோக்குக. அதனை வெளியிட்ட நிறுவனம், போதிய ஆதாரமின்றி, முதுமையில் நேரும் அறிவுத் தேய்வைத் தன் விளையாட்டுக்கள் தடுக்கும் என விளம்பரஞ் செய்ததாக ஐக்கிய அமெரிக்க நாட்டு மத்திய வாணிப ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2016-ஆம் ஆண்டில் 20 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டு அந்நிறுவனம் அதனைத் தீர்த்துக்கொண்டது.

அங்ஙனமாயின் இவ்விளையாட்டுக்கள் பயனற்றனவோ எனின், அற்றன்று. கலிபோர்னியாவில் 60 முதல் 85 வயது வரையிலுள்ள நலமிக்க முதியோர் சிலர், 'நியூரோரேஸர்' என்னும் விளையாட்டை ஒரு திங்களில் 12 மணி நேரம் பயின்றனர். ஒரே காலத்து இரு செயல்களைக் கவனிக்கும் திறன் அவர்பால் வளர்ந்து, ஆறு திங்கள் கழிந்தும் நிலைத்ததென 2013-ல் வெளியிடப்பட்டது. ஆயினும் 2,800-க்கு மேற்பட்ட முதியோரைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்து 2002-ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி நம்மை எச்சரிக்கின்றது. அதில் நினைவைப் பயின்றோர் நினைவிலும், தருக்கத்தைப் பயின்றோர் தருக்கத்திலும் முன்னேறினரேயன்றி, ஒன்றன் பயன் பிறிதொன்றிற் பாயவில்லை.

இனி, இலேசான குறைபாடு உடையாரையே கொண்டு டியூக், கொலம்பியா என்னும் பல்கலைக்கழகத்தார் செய்த ஆராய்ச்சி 2022-ல் வெளிவந்தது. 107 பேர் இரு பிரிவினராக 78 வாரம் ஆராயப்பட்டனர். ஒரு பிரிவினர் புதுவகை மூளை விளையாட்டுக்களையும், மற்றொரு பிரிவினர் குறுக்கெழுத்துப் புதிர்களையும் கணினியிற் பயின்றனர். புது விளையாட்டே வெல்லும் என்று ஆராய்ந்தோர் எதிர்பார்த்திருந்தனர். ஆனால் புதிர் பயின்றோர் சிறிது முன்னேற, மற்றையோர் சிறிது பின்னடைந்தனர். வேறுபாடு பெரிதன்று; பயிற்சியே பெறாத பிரிவினர் ஒப்புநோக்க அங்கு இருந்திலர். ஆகலின் முடிந்த முடிபாக இதனைக் கொள்ளல் தகாது. எனினும், புதுமையும் பகட்டும் உடையதே பயனுடையது என்னும் மயக்கத்தைத் தெளிவிக்க இஃது ஒன்றே சாலும்.

இவற்றால் நாம் துணிவது யாதெனின், விளையாட்டை முதியோர்க்கு விளையாட்டாகவே வழங்குக. மருந்தென்று கூறி வழங்கற்க என்பதே. மருந்தென்று நம்பி ஆடுபவர் தோற்குந்தோறும் தம் நோய் முற்றியதென அஞ்சுவர். விளையாட்டென்று ஆடுபவர் தோற்றாலும் நகைத்து மறுபடியும் ஆடுவர். தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்க்கே இருத்தல் வேண்டும். எழுத்துச் சிறிதாயும், மொழி அயலதாயும், வேகம் மிக்கதாயும் உள்ள விளையாட்டு அவர் அறிவைச் சோதிப்பதாகாது, பொறுமையையே சோதிப்பதாகும்.

"அருகிருந்து பேச எமக்குப் பொழுதில்லை, கருவியேனும் துணையாகட்டும்" என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வெறுமையாய்க் கழியும் பிற்பகலினும் புதிரோடு கழிவது நன்றே. ஆயினும் தனிமையும், கேள்விக் குறைவும், உடலுழைப்பின்மையும் பெருமறதியை வளர்க்குந் துணைக்காரணங்களாக மருத்துவ அறிஞரால் எண்ணப்படுகின்றன. இவற்றுள் ஒன்றையேனும் கைப்பேசி தானே நீக்கவல்லதன்று. கருவியை அவர் கையிற் கொடுத்து அகன்றோமாயின், விளையாட்டின் பெயரால் நம் கடமையினின்று விலகினவராவோம்.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு இல்லஞ் செல்லும்போது பாட்டனாருக்கு ஒரு விளையாட்டைக் கற்பிக்க விரும்பின் நன்கு கற்பியுங்கள். ஆனால் அவர் எதிரில் நீங்களும் அமர்ந்து ஆடுங்கள். அவர் ஒரு சொல்லைத் தேடித் தயங்கும்போது விரைந்து எடுத்துக் கொடாமற் காத்திருங்கள். அப்பொறுமையை எந்த நிறுவனமும் விற்பதில்லை; அது நம்மிடத்தே உள்ளது.