நடிகை என்று மட்டும் சொல்லாதீர்!

தொலைக்காட்சியில் பழைய படம் ஓடும்போது எங்கள் வீட்டில் ஒரு குரல் எழும்: "அட, பானுமதி!" யார் அவர் என்று கேட்டால், "எம்.ஜி.ஆரோடு நடித்தவர்" என்பார்கள். அத்தோடு சரி. ஒரு முழு வாழ்க்கையை இந்த ஒரு வரிக்குள் அடைத்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

1939-இல் தெலுங்குப் படத்தில் அறிமுகமான பானுமதி ராமகிருஷ்ணா, 'மலைக்கள்ளன்', 'மதுரை வீரன்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எனத் தமிழிலும் கொடிகட்டிப் பறந்தார். தம் பாடல்களைத் தாமே பாடினார். நடிப்போடு நின்றாரா? இல்லை. கணவர் பி.எஸ். ராமகிருஷ்ண ராவுடன் சேர்ந்து, மகன் பெயரில் பரணி பிக்சர்ஸ் தொடங்கிப் படம் எடுத்தார். 1953-இல் வெளிவந்த 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் தாமே இயக்கினார். தெலுங்கில் 'அத்தகாரி கதலு' என்னும் நகைச்சுவைக் கதைகளும் எழுதினார். அவருக்கு முன்பே, 1936-இல், டி.பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா'வை இயக்கியிருந்தார். ஆயினும் அந்தத் தலைமுறையில் அவ்வழி நடந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திரையுலகில் ஒரு விந்தைக் கணக்கு உண்டு. கதாநாயகன் அறுபதிலும் கதாநாயகனே! கதாநாயகிக்கோ முப்பதைத் தாண்டினால் அக்காள் வேடம். நாற்பதைத் தாண்டினால் அம்மா வேடம். முகத்தின் வயதையே திறமையின் வயதாக எண்ணும் கணக்கு இது. பானுமதி இதைப் பொய்யாக்கினார். 1980-களில், அறுபதை ஒட்டிய வயதில், சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார்.

"சினிமாக்காரிக்குக் கல்லூரியில் என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. பாடத் தெரிந்தவர்க்கெல்லாம் பாடம் சொல்லத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால், தொழிலில் தோய்ந்தவர் சொல்லித் தருவதை ஏட்டில் தேடினால் கிடைக்குமா?

என் தாய்க்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். தறியில் பாவு இழை அறுந்தால், கையால் தடவியே இடத்தைச் சொல்லிவிடுவார். புதிதாகத் தறியில் உட்காரும் பெண்கள் எங்கள் தெருவில் அவரிடம்தான் கற்கிறார்கள். இதுவரை யாரும் அவரை ஆசிரியை என்று அழைத்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அடுத்த ஆண்டு படிப்பு முடிந்ததும் மணம் பேச வேண்டும் என்கிறார்கள் உறவினர்கள். பி.எட். படித்து ஆசிரியை ஆவேன் என்கிறேன் நான். "இவ்வளவு படித்தது போதாதா?" என்கிறார்கள். போதாது. கற்றது என்னோடு முடிந்துவிட்டால், இரவெல்லாம் தறி ஓட்டி என்னைப் படிக்க வைத்த தாய்க்கு நான் என்ன கைம்மாறு செய்தவளாவேன்?

தோழர்களே, தோழியரே! பானுமதி 2005-இல் மறைந்தார். அடுத்த முறை அவர் முகம் திரையில் தோன்றும்போது, "நடித்தவர், படம் எடுத்தவர், எழுதியவர், கல்லூரியை நடத்தியவர்" என்று முழுமையாகச் சொல்லுங்கள். வீட்டிலும் தெருவிலும் உங்களுக்கு ஏதேனும் கற்றுக் கொடுத்தவர்களை ஆசிரியர் என்றே அழைத்துப் பாருங்கள். நான் என் தாயிடமிருந்து தொடங்குகிறேன்.

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்