தலை தட்டிய படி



ராயபுரத்துப் பனியன் கம்பெனிகளில் தையல் எந்திரங்கள் ஓடும்போது பாட்டுக் கேட்க வேண்டுமானால், ஒலிக்குமிழை நன்கு திருகத்தான் வேண்டும். உரத்து ஒலிப்பதே நல்ல பாட்டு என்று செவியும் பழகிவிடுகிறது. கேட்கும்போது மிகையானால் உடனே குறைத்துக்கொள்ளலாம். பதியும்போது மிகையானாலோ திருத்த வழியில்லை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய கேசட், 1980-களில் நம் இல்லங்களில் இடம்பிடித்தது. பாடற்பட்டியலையும் வெற்றுக் கேசட்டையும் கொடுத்தால், பல இசைத்தட்டுகளிலிருந்து தொகுத்துப் பதிந்து தரும் கடைகள் அந்நாளில் தமிழகத்து ஊர்களில் இருந்தன. ஒரு தட்டு மெல்ல ஒலிக்கும். மற்றொன்று ஓங்கி ஒலிக்கும். முதற்பாடலுக்கு வைத்த அளவிலேயே அனைத்தையும் பதிந்தால், ஓங்கிய பாடல் வரும்போது குரல் கரகரக்கும்.

காரணம் யாது? நாடாவில் பூசப்பட்டுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள்கள் ஓர் எல்லைவரைதான் காந்தமேறும். அதற்குமேல் எவ்வளவு ஒலியைச் செலுத்தினாலும், தலை தட்டிய படியைப்போல் அலையின் உச்சி மழுங்கிவிடும். இம்மழுங்கலே கரகரப்பாகக் கேட்கிறது.

ஆகவே, ஒவ்வொரு பாடலிலும் மிக ஓங்கிய பகுதியை முதலில் ஓட்டிப் பார்த்து, அளவுமானியின் முள் 0-வை ஒட்டி நிற்குமாறு குமிழை வைத்தல் வேண்டும். தபேலா, டிரம் ஆகியவற்றின் அடி, முள் எழுமுன்பே கடந்துவிடும். அத்தகைய பாடல்களுக்கு இன்னும் சற்றுக் குறைத்தல் நலம். அஞ்சி மிகவும் குறைத்தாலோ, நாடாவின் 'உஸ்' என்னும் இரைச்சல் மேலோங்கும்.

பாடற்குழுவைப் பதிவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். மிக்ஸரிலிருந்து வரும் கம்பியை டேப் ரெக்கார்டரின் மைக் துளையில் செருகலாகாது. மைக்கின் மெல்லிய மின்னலைக்கென அமைந்த துளை அது. மிக்ஸரின் வலுவான அலை அங்கே நுழையும்போதே சிதைந்துவிட்டால், பின்னர்க் குமிழைக் குறைத்து முள்ளை அடக்கினாலும் பயனில்லை. 'லைன்' துளையே அதற்கு உரியது.

இதை இன்று கூறுவானேன்? நம் வீட்டுப் பீரோக்களின் அடித்தட்டில் கிடக்கும் கேசட்டுகளில், மறைந்த பாட்டனார் பாட்டியாரின் குரலும், திருமண நாளின் பாடலும், பழைய பாடற்குழுவின் கீதங்களும் உறங்குகின்றன. அவற்றைப் பிள்ளைகள் கணினியில் ஏற்றும்போதும் இதே விதிதான். கணினியில் 0 டெசிபெல் என்னும் எல்லையைத் தாண்டினால், ஒலியலையின் உச்சி சட்டென வெட்டுண்டுபோகும். எல்லைக்குச் சற்றுக் கீழேயே பதிந்துகொள்ளுங்கள். வேண்டுமானால் பிறகு உயர்த்தலாம்.

ஏற்றுமுன் கேசட்டை ஒருமுறை முழுதும் ஓட்டித் திருப்புங்கள். டேப் ரெக்கார்டரின் காந்தத் தலையை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் துடைத்து உலரவிடுங்கள். நாடாவின் இரைச்சலைக் கணினி ஓரளவு தணித்துத் தரும். வெட்டுண்ட குரலையோ பழையபடி மீட்டுத் தருவது அரிது. அக்குரலுக்கு உரியவர் மீண்டும் பாட வரப்போவதில்லை. ஆகவே அவசரப்படாமல், ஓங்கிய பகுதியை முதலில் கேட்டு, அளவறிந்து பதியுங்கள்.