சிசிலியில் முடிந்த கதை

போலந்து நாட்டு எழுத்தாளர் ஹென்ரிக் சென்கிவிச் 1896-இல் நூலாக வெளியிட்ட 'குவோ வாடிஸ்' நாவலை மிகுந்த ஆவலோடு கையில் எடுத்தேன். ஆசிரியர் 1905-இல் நோபல் பரிசு பெற்றவராயிற்றே!

கி.பி. 64-இல் ரோமாபுரி எரிந்ததும், நீரோ அப்பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் சுமத்தி அவர்களைக் கொன்று குவித்ததும் வரலாறு. அதன் நடுவே ரோமானிய வீரன் வினீசியஸும் கிறிஸ்தவ மங்கை லிஜியாவும் கொள்ளும் காதலே கதை. நகர் எரியும் பகுதியைப் படிக்கையில் என் நெஞ்சும் பதைத்தது.

ஆனால் முடிவு? அரங்கில் பெயரற்ற எத்தனையோ பேர் விலங்குகளுக்கு இரையாகின்றனர். காட்டெருதின்மேல் கட்டப்பட்ட லிஜியாவை மட்டும் ஊழியன் உர்சுஸின் தோள்வலிமை மீட்கிறது. காதலர் இருவரும் சிசிலித் தீவில் இனிதே வாழ்கின்றனர்.

'எங்கே போகிறீர்?' என்பதே நூற்பெயரின் பொருள். ரோமை விட்டு வெளியேறும் பேதுரு, எதிரே வரும் இயேசுவிடம் கேட்கும் கேள்வி அது. விடை கேட்ட முதியவர் திரும்பி வந்து உயிர் துறக்கிறார். அக்கேள்வி காதலரின் காதில் விழவே இல்லையே! கிழவருக்குச் சிலுவை, இளையோருக்குச் சோலையா?

காதலர் சாகவேண்டும் என்பதன்று என் விருப்பம். விசுவாசத்தின் பரிசு காதலின் வெற்றியே என்றால், அரங்கில் மடிந்தோரின் விசுவாசம் குறைந்ததா? அவர்களும் யாரையேனும் காதலித்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்காக ஓர் அத்தியாயமேனும் எழுதியிருக்கலாம். நூலை மூடிய பின்னும் என் மனம் சிசிலிக்குச் செல்லவில்லை. அந்த அரங்கின் மணலிலேயே நின்றுவிட்டது.