கைத்தொழிலாளரும் கணக்கும்

2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நம் அண்டை ராஜ்யமாகிய கர்நாடகத்தில் நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிறு வியாபாரிகள் ஆயிரக்கணக்கானோருக்கு வணிகவரி இலாகாவிலிருந்து நோட்டீசு வந்தது. செல்பேசியின் மூலம் யு.பி.ஐ. முறையில் அவர்கள் பெற்ற தொகைகளைக் கூட்டிப் பார்த்த அதிகாரிகள், சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்துகொள்ளாததன் காரணத்தைக் கேட்டனர். பெங்களூர்க் கடைகள் பலவற்றில் 'ரொக்கம் மட்டும்' என்ற அறிவிப்புகள் தோன்றின. கிளர்ச்சி மூண்டது. பதிவு செய்துகொள்வோரிடம் பழைய பாக்கியை வசூலிப்பதில்லையென்று முதன் மந்திரி அறிவிக்க நேர்ந்தது.

ஆபத்து நீங்கியிருக்கலாம், படிப்பினை நீங்கவில்லை. வந்த தொகையில் வரியில்லாத பாலுக்கும் காய்கறிக்கும் உரியது எவ்வளவு, உறவினர் அனுப்பியது எவ்வளவு, கைமாற்றாகக் கொடுத்துத் திரும்பியது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட அவர்களில் பலரிடம் ஏடு இல்லை. நியாயம் தம் பக்கம் இருந்தும் அதை ருசுப்படுத்த வகையில்லை. வரி கேட்பவர் கையில் கணக்கு இருக்கிறது. வரி கொடுப்பவர் கையில் இல்லை. பயத்திற்கும், லஞ்சத்திற்கும், இடைத் தரகரின் பிழைப்பிற்கும் இதுவே மூலம் என்பது நமது அபிப்பிராயம். தமிழ்நாட்டின் தச்சரும், தையற்காரரும், மின்வேலைக்காரரும், வர்ணம் பூசுவோரும் இதே நிலையில்தான் இருக்கின்றனர். ஆகவே அவர்கள் சாதாரணமாகச் செய்யும் பிழைகளை எடுத்துரைப்பது நம் கடமையாகிறது.

முதற் பிழை, வீட்டுப் பணத்தையும் தொழிற் பணத்தையும் ஒன்றாய்க் கலப்பது. வெளியூரிலுள்ள மகன் அனுப்பும் தொகையும் அலமாரி செய்து கொடுத்த கூலியும் ஒரே பாங்குக் கணக்கில் விழுந்தால், வருஷக் கடைசியில் எது எதுவென்று தச்சருக்கே தெரியாது. தொழிலுக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறத்தலே இதற்குப் பரிகாரம்.

இரண்டாம் பிழை, வரவையும் லாபத்தையும் ஒன்றென மயங்குவது. வீடுகளுக்குச் சென்று வேலை செய்து கொடுக்கும் தச்சர் ஒருவர் வருஷத்தில் 23 லட்சம் ரூபாய் பெறுகிறார். மரத்திற்கும் ஆட்கூலிக்கும் 17 லட்சம் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 6 லட்சம். 2025-26-ஆம் ஆண்டு முதல் புதிய முறைப்படி 12 லட்சம் வரையுள்ள வருமானத்திற்கு வருமானவரி கட்ட வேண்டியதில்லையாதலால், தமக்குச் சர்க்காருடன் யாதொரு சம்பந்தமுமில்லையென்று அவர் நிம்மதியாய் இருக்கிறார். இது இருவகையில் தவறு. வரி இல்லையென்றாலும், அம்முறையில் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் வருமானக் கணக்குத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். மேலும், சரக்கு சேவை வரிக்கு அளவுகோல் லாபமன்று, வரவே. நம் ராஜ்யத்தில் சரக்கு மட்டும் விற்போருக்கு வரம்பு 40 லட்சம். சேவை செய்வோருக்கு 20 லட்சம். நம் தச்சர் வரம்பைத் தாண்டியது அவருக்குத் தெரியாது, பாங்குக்குத் தெரியும்.

மூன்றாம் பிழை, தமக்கு உரியதைக் கேளாமல் விடுவது. ஒரு கம்பெனி தன் கட்டடத்திற்கு வர்ணம் பூச 3 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் தந்தால், பணம் கொடுக்கும்போதே நூற்றுக்கு 1 வீதம் 3,000 ரூபாய் பிடித்துச் சர்க்காரிடம் செலுத்திவிடும். வரி கட்டவேண்டாதவர் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்ப வரும். செய்யாதவரின் பணம் சர்க்காரிடமே தங்கிவிடும். பான் எண் கொடாதவரிடமோ நூற்றுக்கு 20 வீதம், 60,000 ரூபாய், பிடிக்கப்படும். அறியாமைக்கு இதைவிடக் கொடிய வரி வேறென்ன?

நான்காம் பிழை, ரொக்கத்தில் ஒளிவது. வருஷ வரவு 2 கோடிக்கு உட்பட்ட சிறு தொழிலினருக்குச் சட்டம் ஒரு சலுகை அளித்திருக்கிறது. வரவில் நூற்றுக்கு 8 பங்கையே லாபமாகக் காட்டினால் போதும். விரிவான புத்தகங்கள் வேண்டாம். பாங்கு மூலம் வந்த பகுதிக்கு 6 பங்கே போதும். ஆகவே, ரொக்கம் வாங்குபவருக்கே அதிக லாபம் என்று சட்டம் கணிக்கிறது! ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாய்ப் பெற்றால், பெற்ற தொகை முழுவதும் அபராதமாகலாம். இச்சலுகையைக் கொண்டு கணக்கே வேண்டாமென்று எண்ணுவதும் தவறு. மெய்யான லாபம் அதனினும் குறைவென்று வாதிக்கப் புத்தகம் வேண்டும். வரவு 20 லட்சத்தை நெருங்குகிறதா என்று அறியவும் ஏடு வேண்டும்.

கணக்கெழுதுவது நமக்கு அந்நிய வித்தையன்று. பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் நாள்வழியும், பேரேடும், ஐந்தொகையும் தமிழிலேயே எழுதினர். தச்சருக்கு அத்தனையும் வேண்டாம். தினம் விளக்கேற்றும் வேளையில் வரவு, செலவு, யாரிடம், எதற்காக என்று நான்கு வரி எழுதி, ரசீதுகளை ஒரு கம்பியில் கோத்து வைத்தால் போதும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் வருமானவரி 1860-இல், முன் நிகழ்ந்த கிளர்ச்சியை அடக்கிய செலவை ஈடுகட்ட அந்நிய ஆட்சி கொணர்ந்தது. அவ்வரிக்கு ஒளிந்தவனைக் குறைகூற நமக்கு மனமில்லை. இன்று வரி விதிப்பது நம் பிரதிநிதிகள். ஆகையால் ஒளிவது நமக்கு அழகன்று. அதேபோல், தனக்குப் புரியாத பாஷையில், வெறும் கூட்டற் கணக்கை ஆதாரமாக்கி, ஏழைத் தொழிலாளியின்மீது பெருந்தொகை சுமத்துவது சுயராஜ்ய சர்க்காருக்கும் அழகன்று. முதலில் கற்பித்துப் பின்னரே கேட்க வேண்டும். அதையும் தமிழில் கேட்க வேண்டும்.

தேசத் தொண்டர்கள் தத்தம் ஊர்த் தொழிலாளர் சங்கங்களில் மாதம் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கி, ஏடு எழுதக் கற்பிப்பாராக. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். அளந்து போட்டவனே, போட்டது எவ்வளவென்று தலைநிமிர்ந்து சொல்ல வல்லவன்.