கணனிக்கும் பரிசோதனை வேண்டும்

ஓலைச்சுவடிகளிலிருந்த நூல்களை அச்சேற்றிய ஆறுமுக நாவலர் முதலிய அறிஞர் பதிப்பின் முகப்பிலே 'பரிசோதித்து' என்னுஞ் சொல்லைப் பொறித்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கியே பழந்தமிழ் நூல்களை வெளியிட்டார். அவ்வொழுக்கத்தைக் கணனி வகையில் நாம் கைவிட்டோமோ என ஐயுறுகின்றோம்.

பழைய மாணவர் தாம் பயின்ற கல்லூரிகளுக்குக் கணனிகளை அன்புடன் வழங்குகின்றனர். மாணவர் புள்ளிகள் அவற்றிற் பதியப்படுகின்றன. றாம் எனப்படும் நினைவகம், ஒன்று, பூச்சியம் என்னும் இரு குறிகளை நுண்ணிய மின்னேற்றங்களாற் காப்பது. 35 என்னும் எண்ணில் ஒரேயொரு குறி பிறழினும் அது 99 ஆகிவிடலாம். பிழைபட்ட பதிவே பின்னர்ப் பிரதிகளிலும் ஏறும், கண்டறிவார் எவர்?

திரை ஒளிர்ந்ததும் கணனி நன்றெனக் கொள்வார் பலர். சிலர் மெம்டெஸ்ட்86+ என்னுஞ் செய்நிரலை ஓட்டி, பிழையில்லையெனக் கண்டு அமைவர். அது நினைவகமெங்கும் குறிகளை எழுதி, மீளப் படித்து ஒப்பிடும் நல்ல கருவியே. எனினும் அதனோடு நின்றுவிடுதல் போதாதென்பது எமது கருத்து. இக்காலக் கணனிகளில் நினைவகத்தை ஆளும் உறுப்புச் செயலியினுள்ளேயே அமைந்துள்ளது. 2011 இல் வந்த ஏவிஎக்ஸ் போன்ற சிறப்புக் கட்டளைகள் ஒரே தடவையிற் பல எண்களைக் கணிப்பன. அவற்றுக்கேற்ப எழுதப்பட்ட செய்நிரல் ஓடுங்கால், செயலி மிக்க மின்னைக் கொண்டு வெப்பமுறும். மறைந்திருந்த குறை அப்பொழுதே வெளிப்படுதலுமுண்டு. ஒரு வினாத்தாளால் மாணாக்கன் தகுதி முழுதையும் அளத்தல் இயலாதன்றோ?

மெர்சென் பகாவெண்களைத் தேடும்பொருட்டு எழுதப்பட்ட பிரைம்95 என்னுஞ் செய்நிரல், செயலியின் இனத்தை அறிந்து அதற்குரிய கட்டளைகளைக் கையாள்வது. அதன் கடுஞ்சோதனை, தான் பெற்ற விடையை முன்னறிந்த விடையோடு ஒப்பிடும். இன்டெல் நிறுவனத்தின் ஸ்கைலேக் செயலிகள் சிக்கலான கணிப்பில் உறைந்துபோதல் இச்செய்நிரலை ஓட்டியவிடத்தே வெளிப்பட்டது. 2016 சனவரியில் அந்நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு, பயோஸ் வழியாகத் திருத்தம் வழங்க முன்வந்தது.

பிழை தோன்றியவுடன் நினைவகத்தைக் குற்றஞ்சாட்டி வீசுதலும் அவசரமேயாம். ஏவிஎக்ஸை நிறுத்திச் சோதித்தவழிப் பிழை நீங்கின், செயலி, மின்வழங்கி, அமைத்துள்ள வேகம் ஆகியவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். நீங்காதாயின், நினைவகப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தல் தகும்.

இதனால் ஓரிரவு வீணாகுமே என்பாருமுளர். ஒரு மாணவனின் புள்ளி பிறழ்தலினும் அது பெரிதன்று. கணனி வழங்குவோரும் ஏற்போரும் இவ்விரு சோதனைகளையும் முடித்த பின்னரே பதிவுகளை அதனிடம் ஒப்படைத்தல் வேண்டும். நூலின் முகப்பில் நின்ற 'பரிசோதித்து' என்னுஞ் சொல், இனி நம் கொடையின் முகப்பிலும் விளங்குவதாக.