வளையைக் கண்டதும் நஞ்சா?

தரிசாய்க் கிடந்த காணிக்குத் திரும்புவோர், வரம்பெங்கும் எலிவளை கண்டதும் நஞ்சு தேடுகிறார்கள். முதலில் கவனியுங்கள் என்பதே எமது கருத்து.

இங்கிலாந்தின் அகழெலியை எடுத்துக்கொள்வோம். (இவ்வினம் இலங்கையில் இல்லை.) அது கிளறும் மண்மேடு புல்தரையைக் கெடுப்பது உண்மைதான். ஆனால் பிடித்த உடல்களை அறுத்து இரைப்பையைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் மண்புழுவையே கண்டார்கள். அதற்குச் சில உடல்கள் போதும். கூடைகூடையாகப் பிடிப்பது ஆய்வாகாது.

அது எப்போது உழைக்கிறது, எப்போது உறங்குகிறது என்பதைச் செத்த உடல் சொல்லுமா? 1950களில் கில்லியன் கொட்பிறி என்ற ஆய்வாளர், உயிருள்ள அகழெலிகளின் வாலில் கதிரியக்க வளையம் பூட்டி, நிலத்தின் மேலிருந்து கருவியோடு பின்தொடர்ந்தார். இரவுபகல் பாராமல் சில மணிநேர வேலை, பின்பு ஓய்வு என்று மாறிமாறி வந்தது. நம் கூலிக்காரருக்குக்கூட இந்த ஒழுங்கு வாய்ப்பதில்லை!

அப்படியிருந்தும், மண்புழுவில் ஸ்ரிக்னின் நஞ்சிட்டு அகழெலியைக் கொல்லும் வழக்கம் அங்கே 2006இல்தான் தடைசெய்யப்பட்டது.