கண்ணாடி டாப் அடுப்பு: மாற்றுக் கண்ணாடி போதாது, அடுப்பையே திரும்பப் பெற வேண்டும்

மூன்று பர்னர் கண்ணாடி டாப் அடுப்பு ஒன்றின் கண்ணாடி உடைந்து நொறுங்குவதாக வந்த புகார்களுக்குப் பதிலளித்து, அதைத் தயாரித்த நிறுவனம் தன் டீலர்களுக்கு அனுப்பியிருக்கும் சுற்றறிக்கையை உறுப்பினர்கள் படித்திருப்பீர்கள். கேட்டு வருபவருக்கு மட்டும் ‘நல்லெண்ண அடிப்படையில்’ கண்ணாடி மாற்றித் தரப்படும், பொருத்தும் கூலி தனி, மேற்கொண்டு கோரிக்கை எதுவும் இல்லை என்று வாடிக்கையாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பதே அதன் சாரம். இதைத் தீர்வாக ஏற்பதற்கில்லை என்று நம் சங்கத்தின் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அந்த மாடலின் விற்பனையை நிறுத்தி, விற்ற அடுப்புகளை வெளிப்படையாக அறிவித்துத் திரும்பப் பெற்று, விலையைத் திருப்பித் தர வேண்டும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. சந்தையிலுள்ள எல்லாக் கண்ணாடி டாப் அடுப்புகளுக்கும் தடை கோர வேண்டும் என்று செயற்குழுவில் ஒரு பகுதியினர் வாதிட்டனர். அதற்குப் போதிய ஆதாரம் இன்றைய நிலையில் நம்மிடம் இல்லாததால், அந்தக் கேள்வியை முடிவு செய்யாமல் விட்டிருக்கிறோம்.

சுற்றறிக்கையில் நம்மை மிகவும் கொதிக்க வைத்தது பணம் தொடர்பான பகுதி அன்று. ‘பெரும்பாலும் பயன்படுத்துவோரின் கவனக்குறைவே காரணம்’ என்ற வரிதான். அகலமான பாத்திரம் வைத்தார்களாம், சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டதாம், ஈரத்துணியால் துடைத்தார்களாம். தோசைக்கல் பர்னரைவிட அகலமாகத்தான் இருக்கும். அடியில் மோதும் தீ பக்கவாட்டில் பரவி, கல்லின் விளிம்புக்குக் கீழே இருக்கும் கண்ணாடியைச் சுடத்தான் செய்யும். பால் பொங்கும். குக்கர் விசில் அடிக்கும்போது பருப்புத் தண்ணீரைக் கக்கும். அது காய்ந்து கறையாகும் முன் துடைத்துவிடுவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். சமைப்பது என்றாலே இவை எல்லாம் சேர்ந்ததுதான். பெட்டியின் மேல் மூன்று பர்னரிலும் நிறையப் பாத்திரங்களை வைத்துப் படம் போட்டு விற்றுவிட்டு, உள்ளே இருக்கும் அட்டையின் பொடி எழுத்தில் ‘அகலமான பாத்திரம் தவிர்க்கவும்’ என்று அச்சிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா? எத்தனை அங்குலத்துக்கு மேல் அகலம் என்றுகூட அதில் இல்லை. காலில் தைத்த கண்ணாடித் துண்டைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் ‘உனக்கு அடுப்பு பயன்படுத்தத் தெரியவில்லை’ என்று சொல்வதை எந்த நாகரிகமான சொல்லால் குறிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. செயற்குழுவில் மற்ற எதில் கருத்து வேறுபட்டாலும் இதில் வேறுபாடு இல்லை: அந்த வரியை நிறுவனம் எழுத்து மூலம் திரும்பப் பெற்றாக வேண்டும்.

இந்தக் குற்றச்சாட்டு அவமதிப்பு மட்டுமல்ல, கண்ணாடியின் இயல்போடும் பொருந்தவில்லை. இந்த அடுப்பின் மேல்தளமாக இருக்கும் டஃபன்டு கிளாஸ் என்பது 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி விரைவாகக் குளிர்விக்கப்பட்ட கண்ணாடி. அதன் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்புறம் இழுவிசையிலும் நிற்கிறது. அந்தச் சமநிலை ஓரிடத்தில் குலைந்தாலும் தகடு முழுவதும் நொறுங்கிவிடும். பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. பர்னருக்கான துளைகளைத் தொழிற்சாலையில் முன்கூட்டியே போட்டு, விளிம்பைச் சாணை பிடித்த பிறகே சூளைக்கு அனுப்ப வேண்டும். துளையின் விளிம்புதான் தகட்டின் பலவீனமான இடம். அடுப்பில் அதிகம் சூடாவதும் அதைச் சுற்றித்தான். அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று தங்கிவிட்டால் ஒவ்வொரு சமையலும் அதைக் கொஞ்சம் வளர்க்கும். கண்ணாடிக்குள் நிக்கல் சல்பைடு துகள் சிக்கியிருந்தால், அது காலப்போக்கில் பருத்து, யாரும் தொடாமலேயே தகட்டை உடைக்கும். இதற்காகவே கட்டடக் கண்ணாடிகளைச் சுமார் 290 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்து, உடைய வேண்டியதைத் தொழிற்சாலையிலேயே உடைத்துவிடும் சோதனை ஒன்று உண்டு. நமக்கு வந்த புகார்களில், இரவு அடுப்பை அணைத்துப் படுத்த பின் உடைந்தவையும் இருக்கின்றன. அணைந்த அடுப்பில் யாருடைய கவனக்குறைவு? ஒவ்வொரு உடைப்புக்கும் உற்பத்திப் பிழைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆய்வுக்கூட அறிக்கை இன்றி அப்படிச் சொல்வது முறையும் ஆகாது. ஆனால் அந்த அறிக்கையைத் தர வேண்டிய கடமை நிறுவனத்துக்குத்தான்.

டஃபன்டு கிளாஸ் சிறு துண்டுகளாக உடைவதால் ஆபத்து இல்லை என்கிறார்கள். சன்னல் கண்ணாடியோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் மேலே கொதிக்கும் சாம்பாரும் எண்ணெய்ச் சட்டியும் இருக்கையில், அடியில் உள்ள தளம் சரிவது எப்படிச் சிறிய விபத்தாகும்? அடுப்புகளைத் திரும்பப் பெற்றால் சிறு டீலர்கள் நஷ்டப்படுவார்கள் என்ற கவலையைப் புரிந்துகொள்கிறோம்; அந்தச் செலவு அவர்கள் தலையில் விழாமல் நிறுவனமே ஏற்க வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. வடிவமைப்பில் குறை இருந்தாலும், சரியான பயன்பாடு பற்றிப் போதிய எச்சரிக்கை தரத் தவறினாலும் உற்பத்தியாளர் பொறுப்பு என்கிறது 84ஆம் பிரிவு. நிறுவனம் ஒளிந்துகொள்ளும் ‘தவறான பயன்பாடு’ என்ற விலக்கு 87ஆம் பிரிவில் விற்பனையாளருக்குத் தரப்பட்டது. தோசை வார்ப்பது அதில் அடங்கும் என்று வாதிட விரும்பினால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் வந்து வாதிடட்டும். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரம் 20ஆம் பிரிவின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் இருக்கிறது. அது ஏட்டில் உறங்கும் அதிகாரமும் அல்ல. கட்டாயத் தரநிலைக்கு இணங்காத பிரஷர் குக்கர்களை விற்றதற்காக 2022இல் ஒரு பெரிய இணைய விற்பனைத் தளத்துக்கு அது 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரவும் உத்தரவிட்டது. அபராதம் அற்பமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. திரும்பப் பெறும் உத்தரவுதான் முக்கியம். குக்கருக்கு ஒரு நியாயம், அதைத் தாங்கும் அடுப்புக்கு வேறொரு நியாயமா?

நிறுவனம் தானாக முன்வந்தால் பேச்சுவார்த்தைக்கு நாம் தயார். அந்தக் கதவை மூடுவதாக இல்லை. இதற்கிடையில், 17ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமும் சங்கம் புகார் அளிக்கும். உறுப்பினர்கள் அந்த நல்லெண்ணக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம். ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களும் தயங்காமல் நமக்குத் தெரிவியுங்கள். உங்கள் புகாரையும் சேர்த்துக்கொள்வோம். உடைந்த கண்ணாடியைக் குப்பையில் கொட்டாமல், தடித்த அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி வையுங்கள். துளையின் விளிம்போடு கூடிய துண்டுகள் ஆய்வுக்கு மிகவும் தேவை. பில், அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண், உடைந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்து, பதிவு எண்ணைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள்.